இரண்டு சதவீதத்துக்கு எழுதிய மனுக்கள்

மனு எழுதுகிறவனுக்கு மூலதனம் ஒரு பேனா, ஒரு மடக்கு நாற்காலி, அதிகாரிகளுக்குக் கோபம் வராத கொஞ்சம் சொற்கள். திருத்தணி தாலுகா ஆபீஸ் பக்கத்தில் பதினெட்டு வருஷமாக இந்த மூன்றையும் வைத்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. ஒரு தடவை முடிவான விஷயத்தை இன்னொரு தடவை பாருங்கள் என்று கேட்பதுதான் என்னிடம் வருகிற வேலையில் பாதி. இதைப் படிக்கிறவர்களிலும் அப்படி அலைந்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்குப் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கூட ஒருத்தன் அலைந்தான் என்று தெரிந்தால் கால்வலி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

மறுபரிசீலனை

கே.ஜி.கண்டிகையிலிருந்து வந்த பெரியவர் ஒருவருக்கு முதியோர் பென்ஷன் தள்ளுபடி ஆகியிருந்தது. மகன் பேரில் மாடி வீடு இருக்கிறதாம். அந்த மகன் அவரோடு பேசியே நாலு வருஷம் ஆகிறது. 'மறுபரிசீலனை செய்யுமாறு வேண்டுகிறேன்' என்று எழுதினேன். ஆபீசில் இந்தச் சொல்லுக்கு அர்த்தம், அதே கோப்புக் கட்டை எடுத்து அதே காகிதங்களை இன்னொரு தடவை புரட்டுவது. நாம் புதிதாக ஒரு காகிதம் சேர்க்காவிட்டால் அவர்களுக்கும் புதிதாக ஒன்றும் தெரியாது. இதை அவருக்கு விளக்கிச் சொன்னேன். பெருவிரலை வைத்துவிட்டு, மையைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"பேப்பரத்தான் பாப்பாங்கன்னா, என்னை இன்னாத்துக்கு சார் நாலு வாட்டி வரச் சொன்னாங்க?"

மேல்முறையீடு

தேவகிக்கு நாற்பது வயதிருக்கும். ஆந்திரா எல்லையோரத்து ஊரில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவர். தறியின் பல்சக்கரத்தில் வலது கை மாட்டி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மடங்காமல் போய்விட்டன. மருத்துவ முகாமில் பார்த்து, ஊனம் முப்பத்தெட்டு சதவீதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். நாற்பது இருந்தால்தான் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவே முடியும். புருஷன் இல்லை. வீட்டில் படுத்த படுக்கையாக அப்பா. இரண்டு சதவீதத்துக்காக என் நாற்காலி முன்னால் வந்து நின்றார்.

எனக்கு வந்த கோபத்தில் 'மேல்முறையீடு' என்று தலைப்புப் போட்டு, உள்ளே 'தவறான மதிப்பீடு' என்றும் எழுதிவிட்டேன். சொல் கம்பீரமாக இருக்கிறது என்று ஒரு பெருமை வேறு. மேல்முறையீடு என்று போட்டால், முதலில் பார்த்தவர் தப்புச் செய்தார் என்று சொன்ன மாதிரி. அவரிடம் விளக்கம் கேட்பார்கள், அவர் பதில் எழுத வேண்டும், அதுவரை கோப்பு ஒரு மேஜையில் தூங்கும். மூன்று மாதம் தூங்கியது. அவ்வளவும் என் தப்பு. பதினெட்டு வருஷம் எழுதியவன் செய்யக் கூடாத தப்பு. தேவகியிடம் அதை ஒப்புக்கொண்டபோது அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் முகம் வாடிப்போய்ச் சொன்னதோ வேறு:

"அந்த டாக்டரு நல்லாத்தான் அண்ணா பேசினாரு. நான் அவரு மேல புகார் குடுத்துட்டேன்னு நெனச்சுகினு இருப்பாரே."

மறுமதிப்பீடு

பழைய மனுவைத் திரும்பப் பெற்று, 'மறுமதிப்பீடு' கேட்டுப் புதிதாக எழுதினேன். இந்தச் சொல் யாரையும் குறை சொல்லாது. காகிதத்தை விட்டுவிட்டு ஆளை மறுபடி கூப்பிட்டுப் பார்க்கும். ஆனால் ஆபத்தும் உண்டு. முப்பத்தெட்டு, நாற்பதும் ஆகலாம், முப்பதும் ஆகலாம். அதனால் இந்த முறை அலங்காரம் எதுவும் வைக்கவில்லை. தறியில் அறுந்த இழையை இந்தக் கையால் முடிச்சுப் போட்டு முடிய முடியவில்லை, அது முடியாதவருக்குத் தறி வேலை கிடையாது என்று மட்டும் எழுதினேன்.

முகாமுக்கு நானும் ரயிலேறிக் கூடவே போனேன். குற்ற உணர்ச்சிதான், வேறென்ன. இந்தத் தடவை வேறு டாக்டர், ஒரு பெண். மனுவை முழுக்கப் படித்தார். அப்படிப் படிக்கிறவரைப் பார்ப்பதே அபூர்வம், எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மேஜை மேல் இருந்த கட்டுத்துணியிலிருந்து ஒரு நூலை உருவி, நடுவில் அறுத்து, "இதை முடிங்கம்மா, பார்க்கலாம்" என்று கொடுத்தார்.

தேவகி வலது கையால் முயன்றார். நழுவியது. மறுபடி முயன்றார், மறுபடி நழுவியது. அங்கேயே நூலைக் கீழே வைத்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். நான் மனசுக்குள் 'வெச்சுடும்மா, வெச்சுடும்மா' என்று கத்திக்கொண்டிருந்தேன். தேவகியோ எங்களையெல்லாம் மறந்துவிட்டார். ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடது கையால் இன்னொரு நுனியைச் சுற்றி, உதட்டால் தள்ளி, நெற்றியெல்லாம் வேர்த்துக்கொட்ட ஒரு முடிச்சுப் போட்டார். மிச்சத்தைப் பல்லாலேயே கத்தரித்தார். முடிச்சு புடைக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு மேஜை மேல் வைத்தார். டாக்டர் நூலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். குரலில் பாராட்டுதான் இருந்தது:

"முடிஞ்சிட்டீங்களேம்மா!"

மாற்றமில்லை

இது நான் எழுதும் சொல் இல்லை, அவர்கள் எழுதும் சொல். இரண்டு வாரத்தில் வந்தது. 'முப்பத்தெட்டு சதவீதம், மாற்றமில்லை.' மறுபடி விண்ணப்பிக்க ஒரு வருஷம் பொறுக்க வேண்டுமாம்.

எனக்குத் தாங்கவில்லை. "ஏம்மா, முடியலன்னு கீழ வெச்சிருக்கக் கூடாதா? அதுக்குத்தானே இவ்வளவு தூரம் போனோம்?" என்று கத்திவிட்டேன். கத்தியதற்கு அப்புறம் வெட்கமாக இருந்தது. அவர் கோபப்படவில்லை. பழைய சதவீதமே போட்டு வந்த அட்டையை முந்தானையில் சுற்றிக்கொண்டு, "ஆங், தெரியும் அண்ணா. வெச்சுடணும்னுதான் நெனச்சேன். அறுந்த நூலு கையில இருக்கசொல்ல மனசு கேக்கல" என்றார்.

அந்த ஒரு வருஷம் கழித்து, போன வாரம் வந்தார். அப்பா இல்லையாம். ஒரு தறிக்கூடத்தைப் பெருக்கிக்கொண்டு பாதிக் கூலிக்கு இருக்கிறாராம். கூட்டும்போது மற்றவர் தறியில் இழை அறுந்தால் நின்று பார்ப்பாராம். நான் காகிதத்தை எடுத்ததும் அவசரமாகக் கையமர்த்தினார்:

"எழுதுங்க அண்ணா. ஆனா இந்த வாட்டி என் கையில நூலு மட்டும் குடுக்க வேணாம்னு எழுதுங்க. குடுத்தா நான் மறுபடியும் முடிஞ்சிடுவேன்."

மனுவின் மற்றதெல்லாம் எழுதியாகிவிட்டது. அந்த ஒரு வரியை எந்த அதிகாரிக்கும் புரிகிற மாதிரி எப்படி எழுதுவது என்றுதான் நாலு நாளாகப் பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன்.