ராமாத்தாள் வீட்டுக் கிணற்றில் ஒன்பது அடி

எலப்புள்ளிக்குக் கிழக்கே கருவேலங்களத்தில் குப்பண்ணன் என்று ஒருவர் இருந்தார். தானுண்டு தன் வேலையுண்டு என்று இருக்கிற மனுஷர். அப்படிப்பட்டவருக்கா இப்படி வந்து சேர வேண்டும்!

எழுபதுகளின் நடுவில், நிலத்தடி நீரைக் கணக்கெடுக்கும் ஆபீஸ் ஒன்று அவரிடம் ஓர் அளவு நாடாவையும் நோட்டையும் கொடுத்தது. மாதம் ஒருமுறை நாலு கிணறுகளில் நாடாவை இறக்கி நீர்மட்டத்தைக் குறிக்க வேண்டும். ஆபீசர் பஞ்சாபகேசன், கல்பாத்திக்காரர், தங்கமானவர்.

“கோடையில எத்தனை, மழைக்கப்புறம் எத்தனைன்னு தெரிஞ்சா, பூமி எவ்வளவு ஜலம் குடிச்சதுன்னு கணக்குப் போட்டுடலாம், குப்பண்ணா. பத்து மைலுக்கு நம்ம கையில இருக்கறது இந்த நாலு கிணறுதான். வேற ஆதாரமே கிடையாது” என்பார்.

நாலில் ஒன்று குப்பண்ணனின் தங்கை ராமாத்தாள் வீட்டுக் கிணறு. புருஷனை இழந்தவள். ஒரே மகன் சின்னமுத்துவுக்கு முப்பத்திரண்டு வயதாகியும் கல்யாணம் கூடவில்லை. தண்ணீர் இல்லாத வீட்டுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? வீடு பார்க்க வருகிறவர்கள் காப்பி குடித்த கையோடு கிணற்றைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். அதோடு பேச்சு முடிந்தது. இரண்டு சம்பந்தம் அப்படித்தான் தட்டிப்போயிற்று.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஐப்பசியிலேயே அடிப்பாறை தெரிந்தது. மூன்றாவதாக ஒரு சம்பந்தம் வருகிறது என்றதும் ராமாத்தாள் அண்ணனிடம் வந்து அழுதாள்.

“இதும் தட்டிப்போச்சுன்னா எம்பையன் ஒண்டிக்கட்டையாவே நின்னுருவானுங்கண்ணா.”

அண்ணன் மனசு கேட்குமா? பெண்வீட்டார் வருவதற்கு முந்தின நாள் காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஆற்று மடுவிலிருந்து பீப்பாய் பீப்பாயாக வண்டியில் கொண்டுவந்து கிணற்றில் கொட்டினார். ஒன்பது அடி நின்றது.

மறுநாள் அவர்கள் கிணற்றடியில் நிற்கும்போது ஆபீஸ் ஜீப் வந்து நின்றதே, அதை என்னவென்று சொல்ல! ராமாத்தாள் சமையற்கட்டில் பலகாரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பஞ்சாபகேசன் தானே நாடாவை இறக்கினார்.

“மழை பொய்ச்சும் ஒம்பது அடி ஏறியிருக்கே! அடியில நல்ல ஊத்துதான். சரிதானே, குப்பண்ணா?”

பெண்ணின் தகப்பனார், குப்பண்ணனின் முகத்தையே பார்த்தார்.

“சரிங்க” என்றார் குப்பண்ணன்.

தையில் கல்யாணம் நடந்தது. அதன் பிறகாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தார். வெளியே தெரிந்தால் பெண்ணைத் திரும்பக் கூட்டிப்போய்விடுவார்களோ என்று பயம். அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று தள்ளினார். சொல்லித் தொலைத்திருக்கலாம், பாவி மனுஷன்! கிணறு மறுபடி வற்றியதை நோட்டில் உள்ளபடி எழுதத்தான் செய்தார். ஆனால் கணக்குக்கு வேண்டியது மழைக்குப் பிந்தைய அந்த அளவு. அது ஆபீசுக்குப் போய்விட்டது.

கருவேலங்களத்தைச் சுற்றி நீர்வளம் தாராளம் என்று அறிக்கை வந்தது. அதைக் காட்டி மேட்டுத் தோட்டக்காரர்கள் பதினோரு போர் போட அனுமதி வாங்கினார்கள். ராப்பகலாக மோட்டார் ஓடியது. இரண்டு கோடைக்குள் ஊர்க் கிணறுகள் அத்தனையும் வறண்டன. ராமாத்தாள் கிணற்றில் எந்தக் கோடையிலும் கசிந்த ஒரு குடம் தண்ணீரும் நின்றுபோயிற்று. சின்னமுத்து பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு கோயமுத்தூர் மில்லுக்குப் போய்விட்டான்.

பஞ்சாபகேசன் ஒருநாள் வந்து கிணற்றை எட்டிப் பார்த்தார். “எங்கேயோ என் கணக்குதான் பிசகிடுத்து. ஊரையே கெடுத்துட்டேன்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். குப்பண்ணன் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. அழுகையும் வருகிறது.

பங்குனியில் ராமாத்தாளும் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகனிடம் புறப்பட்டாள். அண்ணன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தார்.

“ஏனுங்கண்ணா, மாசாமாசம் அளந்தவங்க நீங்கதானுங்களே. இந்த மண்ணுல தண்ணியில்லீங்னு அந்த ஆபீசர்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கப்படாதுங்களா?”

“சொல்லலே தாயி.”

ஏன் என்று அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவள் கேட்கவில்லை, பஸ் வந்துவிட்டது.