கொட்டாஞ்சேனை மேட்டிலிருந்து பார்த்த போர்க்கப்பல்

யப்பான்காரன் குண்டு போடுவான் என்று கொழும்பே பயந்து கிடக்கிறது. நானோ மகனின் மரக்கலம் வருவதைப் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலேறி வந்து, கொட்டாஞ்சேனை மேட்டில் நிற்கிறேன். கீழே துறைமுகம் முழுக்கச் சாம்பல் நிறப் போர்க்கப்பல்கள். அதோ, ஒட்டுப்போட்ட பாயை விரித்தபடி என் மகன் வருகிறான். அந்த நேரம் பார்த்து ஒரு போர்க்கப்பல் துறைமுகத்தை விட்டு வெளிக்கிட்டு அவனுக்கு நேரே போகிறது.

பக்கத்தில் நின்ற கடலைக்காரருக்கு என் மகனின் மரக்கலத்தைக் கைகாட்டுகிறேன். அவர் கூடையை இறக்கி வைக்கிறார். "போச்சும்மா! பீரங்கிக் கப்பல் ஒங்க மரக்கட்டைக்கா ஒதுங்கும்?"

"ஒதுங்கும். பாயில வாறதுக்கு எஞ்சின் கப்பல்தான் விலக வேணும். அது கடல் சட்டம். தண்டையலா மரக்கலம் ஓட்டின என்ர மனுசன் சொன்னவர். அந்தக் காலத்தில பறங்கியும் ஒல்லாந்தனும் பீரங்கி ஏத்திச் சண்டை பிடிச்சதும் பாய்க்கப்பலிலதான். இந்த எஞ்சின் கப்பலுகளுக்கு எங்கட பாய்க்கப்பல்தான் மூப்பு."

வாய் வீறாப்பாகப் பேசுகிறது. கையோ சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்திருக்கிறது.

போர்க்கப்பல் மெல்ல மூக்கைத் திருப்புகிறது. மகன் நேரே வருகிறான்.

"சின்னவன் பெரியவருக்கு வழி விட்டுட்டான்மா!" கடலைக்காரர் சிரித்துக்கொண்டு ஒரு சுருள் கடலையை நீட்டுகிறார்.

"சண்டைக்குப் போறவனெண்டாலும் மரியாதை தெரிஞ்சவன்" என்கிறேன். அப்போதுதான் தலைப்பை விட்டுக் கையை நீட்டுகிறேன்.