வளைவில் ஏறிய வெளிச்சம்

ஒட்டுசுட்டானில் வயலுக்குள் நின்ற என் தங்கையைப் புடையன் பாம்பு கடித்தபோது பொழுதுபட்டிருந்தது. சமாதான காலம் என்று கொழும்பிலிருந்து புதுக்காரில் வந்திருந்த அண்ணன், சாவியை என் கணவரிடம் கொடுத்தார். மாங்குளம் ஆஸ்பத்திரிக்குப் போகும் காட்டு ரோட்டு அவருக்குத்தான் தண்ணிபட்ட பாடு. பின் சீற்றில் தங்கையின் தலை என் மடியில் கிடந்தது. பேச்சு இருந்தது, இமைகளைத்தான் அவளால் தூக்க முடியவில்லை.

அந்த ரோட்டில் தார் ஒரு வண்டிக்குத்தான் காணும், வளைவுகளுக்கு முன்னால் மட்டும் ஒதுங்க இடம் இருக்கும். இரு கரையிலும் மிதிவெடி என்று மண்டையோட்டுப் பலகைகள். அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வளைவுக்கு அப்பால் மரங்களில் வெளிச்சம் விழுந்தால் எதிரே வண்டி வருகிறது என்று அர்த்தம். நின்று, விளக்கை அணைத்து, வழிவிட வேண்டும்.

முதல் வளைவிலேயே மரங்களில் வெளிச்சம் ஏறியது. கணவர் நிறுத்தி விளக்கை அணைத்தார். அந்த வெளிச்சமும் அணைந்தது.

"நல்ல மனுசன். எங்களுக்கு வழி விடுறான்," என்றார்.

விளக்கைப் போட்டார். அங்கும் எரிந்தது. மரியாதைக்கு மறுபடி அணைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே விஷம் ஏறுகிறது, இவருக்கு உபசாரம்!

"அத்தான், ஒரு வண்டிச் சத்தமும் கேக்கேல்லையே," என்றாள் தங்கை, நாக்குக் குழற.

முன் சீற்றில் இருந்த அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, அது எங்கட லைற்! மற்றக் கார்களிலை லைற் நேரைதான் அடிக்கும், வளைவிலை காடுதான் தெரியும். இதிலை ஸ்டியரிங்கைத் திருப்பினால் உள்ளுக்கை ஒரு மோட்டர் லைற்றையும் அந்தப் பக்கம் திருப்பும்."

வந்த நாள் முதல் அந்தக் காரின் புகழ் பாடிய மனிதர், ஓட்டுகிறவரிடம் இதைச் சொல்லவில்லை. வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

கார் பாய்ந்தது. ஆனால் இனித் தெரியும் வெளிச்சம் எங்களுடையதா, எதிரே வருபவனுடையதா? அடுத்த வளைவில் கணவரின் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. கண்ணாடியை இறக்கினார்.

"பிள்ளை, சத்தம் கேக்குதோ?"

"இல்லை அத்தான், போங்கோ."

ஒவ்வொரு வளைவிலும் கேட்டார். ஒவ்வொரு தடவையும் அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. மாங்குளத்துக்கு முந்திய வளைவில் மறுமொழி வரவில்லை. நான் அவள் கன்னத்தில் தட்டினேன். கணவர் ஹோர்னை அழுத்தியபடி, நிறுத்தாமல் வளைத்தார். எதிரே யாரும் வரவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மறுநாள் மத்தியானம் வரை அவள் அசையவில்லை. நான் கும்பிடாத தெய்வமில்லை. பிறகு கண் திறக்காமலே அவளுடைய உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன்.

"இல்லை அத்தான், போங்கோ."