வெளிச்சத்துக்குத் திரும்பிப் பேசுபவர்

பேசுவதற்கு முன் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார்த்துத் திரும்பிக்கொள்கிறார். எதிர்வீட்டுச் சாவிக்காரருக்கு எல்லோரிடமும் இதே பழக்கம். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அவர் கடையில் பூட்டைக் கொடுத்துவிட்டு நின்றால், முகத்தைத் தெருப்பக்கம் நிமிர்த்தி, ஒவ்வொரு சொல்லுக்கும் உதட்டை விரித்து, "அரை மணி நேரம் ஆகும்" என்பார். என்னைச் செவிடன் என்று நினைக்கிறாரோ என்று முதலில் எனக்குக் கோபம்தான்.

காது கேட்காதது அவர் மனைவிக்கு. கல்யாணமான ஏழாம் வருடம் ஒரு காய்ச்சலில் போயிற்று. அதன்பின் கணவரின் உதட்டைப் பார்த்துத்தான் அந்த அம்மாள் பேச்சைப் பிடிக்கிறார். கணவர் சொன்னதை ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டே பதில் தருவார். சாவிக்காரர் மீசையை எடுத்ததும் அப்போதுதான். மின்சாரம் போனால் டார்ச்சைத் தம் வாய்க்கே பிடித்துக்கொண்டு பேசுவார். "மொத தடவை பாத்துட்டு என் மச்சினனே பேய்னு ஓடிட்டான் சார்." சண்டையும் இப்படித்தான் போட்டாக வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு கோபப்படும் வசதி அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

மழை நாளில் சாவி செய்ய ஆள் வராது. கடையைச் சாத்திவிட்டு வெளிவேலைகளுக்குக் கிளம்பிவிடுவார். சென்ற செவ்வாய்க்கிழமை என்னையும் கூப்பிட்டார். மனைவி எழுதிக் கொடுத்த சீட்டில் மூன்று வேலைகள்: டார்ச்சுக்கு செல், அந்த அம்மாளின் மூக்குக்கண்ணாடி, பல். மேல்வரிசை முன்பற்கள் இரண்டு ஒரு வருடமாக ஆடிக்கொண்டிருந்தன. "சீட்டுல ஏத்திட்டா. இனிமே தப்பிக்க முடியாது சார்."

செல் வாங்கினோம். கண்ணாடிக் கடைக்காரர், அடுத்து பல் டாக்டரிடம் போகிறோம் என்று கேட்டதும், மூக்குக்கண்ணாடியைத் துடைத்து உறையில் போட்டபடி, "பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க அண்ணே, பாத்துக்குங்க" என்று சிரித்தார். சாவிக்காரர் உறையை வாங்கிச் சட்டைக்குள் மழை படாமல் செருகிக்கொண்டார்.

பல் டாக்டர் சின்னப் பெண். இரண்டையும் எடுத்தாக வேண்டும், புண் ஆறிக் கட்டுப்பல் வைக்க மூன்று மாதமாகும் என்றார்.

"அதுவரைக்கும் உதடு எப்படிம்மா இருக்கும்?"

"கொஞ்சம் உள்ள வாங்கும். இந்த வயசுல யாருக்குய்யா அழகு காட்டப் போறீங்க?"

தலைக்கு மேலிருந்த விளக்கை நோக்கித் திரும்பிக்கொண்டு சொன்னார்: "அழகுக்கு இல்லம்மா. எங்க வீட்டுக்காரிக்குக் காது என் வாய்தான்."

டாக்டர் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். "அப்ப இன்னிக்கு ஒண்ணு மட்டும். அம்மாவுக்கும் பழகட்டும்."

மரத்துப்போக ஊசி போட்டு, டாக்டர் இடுக்கியைக் கையில் எடுத்ததும் இவர் தொடங்கிவிட்டார். "இழுக்காதம்மா, ஆட்டி ஆட்டி எடு. துருப்பிடிச்ச பூட்டுல மாட்டின சாவி அப்படித்தான் வரும்."

"வாயைத் திறங்கய்யா. பேசறதுக்கு இல்ல."

திரும்பும் வழியில் கடைகளின் கண்ணாடி வரும்போதெல்லாம் குடையோடு நின்று, பஞ்சைக் கடித்தபடியே, சத்தமில்லாமல் எதையோ சொல்லிப் பார்த்தார். மேலுதட்டின் வலப்பாதி அசையவே இல்லை. மறுபடியும் சொல்லிப் பார்த்தார். பிறகு நடந்தார்.

வீட்டில் மின்சாரம் இல்லை. கதவைத் திறந்த மனைவியிடம் முதலில் உறையை நீட்டினார். அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொள்வதற்குள் டார்ச்சில் புதிய செல்களைப் போட்டு, பஞ்சை எடுத்துவிட்டு, வெளிச்சத்தைத் தம் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

"கண்ணாடி சரியா இருக்கா?"

காது கேட்கும் எனக்கே பாதிதான் விளங்கியது. அந்த அம்மாள் திருப்பிச் சொல்லவில்லை. அவர் இன்னும் அகலமாக உதட்டை விரித்தார். விரிந்தது ஒரு பாதி மட்டும்.

"இருங்க" என்றார் அந்த அம்மாள். அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, டார்ச்சு வெளிச்சத்தை மரத்துப்போகாத இடப்பக்க உதட்டின் மேல் நகர்த்தி வைத்தார்.