பெயர் சொல்லி அழைத்த சர்வேயர்

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அம்மா மன்னார்குடியிலிருந்து கூப்பிட்டார். "தாத்தா போயிட்டாங்கப்பா. காபி குடிச்சாங்க, டம்ளரைக் கீழ வெச்சாங்க, அவ்வளவுதான்" என்றார். அம்மாவின் அப்பா, ஓய்வுபெற்ற சர்வேயர் தங்கராசு. தொண்ணூறைத் தாண்டியவர். சாவுக்கு வந்தவர்களில் பாதிப் பேரை எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. எந்தெந்த ஊரிலோ அவர் அளந்து கல் நட்டுக் கொடுத்த வயல்களின் சொந்தக்காரர்கள். அவர்களுக்குத் தெரிந்த தாத்தாவைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

பண்ணையாள் வீட்டில் பிறந்து, படித்து, சர்வே வேலைக்குப் போனவர். "எங்கப்பா குனிஞ்சு நின்ன வரப்புல நான் நிமிந்து நின்னு அளந்தேன்" என்பார். பெருமையாக அல்ல, மழை பெய்தது என்பதுபோலச் சொல்வார்.

கழக ஆட்சியில் நில உச்சவரம்பைக் குறைத்திருந்த காலம். மிராசுதார்கள் உபரி நிலத்தை யார் யார் பெயரிலோ எழுதி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிராமத்தில் அப்படி மூன்று வயல்களை அளக்கத் தாத்தாவை அனுப்பினார்கள். அளக்குமுன் பட்டாதாரரைப் பெயர் சொல்லி மூன்று முறை கூப்பிடுவது அவர் வழக்கம். அறுப்பு முடிந்த வயல். உச்சிவெயில். ஒரு ஆள் ஒளிய மரம்கூட இல்லை.

"சின்னையன் மகன் காத்தலிங்கம்!" மூன்று முறையும் பதில் இல்லை. "வீரன் மகன் உலகநாதன்!" அதற்கும் இல்லை. "மாரிமுத்து மகன் கோவிந்தன்!" என்று மூன்றாவது முறை கூப்பிட்டபோது வயலின் நடுவிலிருந்து, "இருக்கேங்க" என்று ஒரு குரல் வந்தது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அறுத்த நெல்தாளும் வெயிலும்தான் இருந்தன. அளவுச் செயின் பிடித்தவர் அதைக் கீழே போட்டுவிட்டார். மிராசுதாரின் காரியஸ்தர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். "கேட்டுச்சுல்ல? ஆள் இருக்கான். எழுதிக்கப்பா" என்றார்.

வேடிக்கை பார்த்தவர்களுக்குப் பின்னாலிருந்து அஞ்சம்மா என்ற பெண் முன்னால் வந்தார். "அது எங்க வூட்டுக்காரரு குரல்தாங்க. கூலித் தகராறுல அடிபட்டுச் செத்து ரெண்டு வருசமாச்சுங்க. அவரு பேருல நிலம் இருக்குன்னு இன்னைக்குத்தான் எனக்கே தெரியும்."

தாத்தா நோட்டை விரித்தாராம். "பயமாத்தான் இருந்துச்சு. ஆனா எழுத வேண்டியது என்னன்னு பளிச்சுனு தெரிஞ்சுபோச்சு" என்றார் என்னிடம். காரியஸ்தரைப் பார்த்து, "நிலம் கோவிந்தனோடதுதானே? பத்திரம் அப்படித்தானே சொல்லுது?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னால், அது உபரி நிலம் என்று அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். காரியஸ்தர் வேறு வழியில்லாமல், "ஆமா" என்றார். தாத்தா எழுதினார்: "பெயர் சொல்லி அழைத்ததில் குரல் கேட்டது. ஆள் இல்லை. பட்டாதாரர் காலமானவர். வாரிசு, மனைவி அஞ்சம்மாள்."

குரல் கேட்டது என்று அரசாங்கக் காகிதத்தில் எழுதியதற்காக விளக்கம் கேட்டார்கள். அந்த வரியை அடிக்கச் சொன்னார்கள். "கேட்டதைத்தானே எழுதியிருக்கேன்" என்று சொல்லி மறுத்துவிட்டார். இரண்டே மாதத்தில் பேராவூரணிக்கு மாற்றல், பிறகு முத்துப்பேட்டை, பிறகு கூத்தாநல்லூர். அம்மா ஐந்து பள்ளிக்கூடங்களில் படித்தார். நாலு வருட இழுபறிக்குப் பின் அஞ்சம்மாவுக்குப் பட்டா வந்தது. அவருடைய மகள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, சொந்தத் தகப்பனுக்கு அழுவதுபோல அழுதார்.

மற்ற இரண்டு வயல்களும் உபரியாகி, நிலமில்லாதவர்களுக்குப் போயின. கதை அங்கே முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தாத்தா நினைக்கவில்லை. காத்தலிங்கம், உலகநாதன் என்ற பெயர்களில் அந்த ஊரில் யாரும் இருந்ததில்லை. ஆனால் பத்திரங்களில் கைநாட்டு இருந்தது, இரண்டும் வெவ்வேறு ரேகை. "பேரு பொய்யா இருக்கலாம். ரேகை பொய்யா இருக்குமா? அந்த விரல் யாரோடது? வெளியூர்லேர்ந்து வேலைக்கு வந்தவனோ என்னவோ" என்பார்.

மாற்றலாகிப் போன ஒவ்வொரு ஊரிலும், சாமான்களைப் பிரிப்பதற்கு முன்பே, டீக்கடையில் அந்தப் பெயர்களை விசாரிப்பார். முத்துப்பேட்டையில் அம்மாவுக்கு எட்டு வயது. ஒரு மத்தியானம் அவரைக் கைப்பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துப் போய், ஆளில்லாத வயலைப் பார்த்து இரண்டு பெயர்களையும் கூப்பிட்டிருக்கிறார். அம்மா ஏதோ கேட்க வாயெடுத்தபோது, "பேசாம இரு. பதில் வர நேரமாகும்" என்றாராம். ரொம்ப நேரம் நின்றார்கள். அம்மாவின் கையை அவர் பிடித்திருந்த பிடி வலித்தது. திரும்பி நடக்கும்போது யாருக்கோ வழிவிடுவதுபோல வரப்பில் ஒதுங்கி நின்றார் என்று அம்மா இன்றும் சொல்கிறார்.

போன மாதம் அவரிடம் நேராகவே கேட்டேன். "அன்னைக்கு நிஜமாவே குரல் கேட்டதா தாத்தா?"

"கேட்டுச்சு. செத்தவன் பதில் சொன்னான், அது ஒண்ணும் பெரிசில்ல. அவனுக்கு அங்க பொண்டாட்டி நின்னா. பதில் சொல்லாத அந்த ரெண்டு பேரை நினைச்சாத்தான் எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்குது."

அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தவை அந்த இரண்டு பெயர்கள்தான். தாத்தாவை அறிந்த உங்களில் யாருடைய குடும்பத்திலாவது காத்தலிங்கம் என்றோ உலகநாதன் என்றோ ஒருவர் வேலைக்குப் போய்த் திரும்பாமல் இருந்தால், எனக்குச் சொல்லுங்கள். எவ்வளவு தூரமானாலும் வருகிறேன்.