பல்செட்டுக்காரரும் இரண்டு டேகுகளும்

தெருவில் அவரைப் பல்செட்டுக்காரர் என்பார்கள். பல் மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சுகளை வைத்துச் செயற்கைப் பற்கள் செய்து கொடுப்பது அவர் தொழில். மாடியில் வடக்கு வெளிச்சம் விழும் அறை. மேசை முழுவதும் அச்சு வார்க்கும் மாவுச்சுண்ணப் பொடி. மூலையில் மெழுகு உருக்கும் விளக்கு. கைக்கெட்டும் தூரத்தில் விசிறி போல விரியும் பல் நிற அட்டை. வெள்ளை என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுவதை அவர் பதினாறாகப் பிரித்துப் பார்ப்பார்.

"நல்லா பளிச்சுனு வெள்ளையா போட்டுடுங்க" என்று ஒருமுறை ஒரு பெரியவர் நேரிலேயே வந்து கேட்டார்.

"போடலாம் ஐயா. ஆனா உங்க வாய் மட்டும் பக்கத்து வீட்டுலேருந்து வந்த மாதிரி இருக்கும்."

பெரியவர் சிரித்துவிட்டுப் பழுப்புக்கு ஒப்புக்கொண்டார்.

திருமணம் செய்துகொள்ளாதவர் என்பதால் வீட்டில் அவரும் அவருடைய அக்காவும்தான். அக்கா தொலைபேசி நிலையத்தில் முப்பது ஆண்டுகள் இணைப்புக் கொடுத்தவர். கணவர் போன பிறகு தம்பியோடு வந்து தங்கினார். குரல் இன்னமும் கணீரென்று இருக்கும், நாக்கும் அப்படியே.

டேகுகள் அந்த வீட்டுக்கு வந்தது எதிர்பாராமல்தான். ஒரு பல் மருத்துவமனையை மூடினார்கள். தம் அச்சுகளைத் திரும்ப எடுத்துவரப் போனவர், காத்திருப்போர் அறையில் யாருக்கும் வேண்டாமல் நின்ற கூண்டையும் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே தென்னமெரிக்காவைச் சேர்ந்த இரண்டு டேகுகள்: அணிலுக்கும் எலிக்கும் இடைப்பட்ட உருவம், வால் நுனியில் கறுப்புக் குஞ்சம், உருண்டைக் கண்கள். இரண்டும் ஒரே ஈற்றில் பிறந்த ஆண்கள். துடுக்காக முன்னால் வந்து நிற்பவனுக்கு முன்பல் என்றும், ஓரத்தில் ஒதுங்கி மெல்பவனுக்குக் கடைவாய் என்றும் அவர் பெயர் வைத்தார்.

"உலகத்துல வேற பேரே கிடைக்கலையாடா உனக்கு?" என்றார் அக்கா. ஆனால் மறுநாளே நான்கு மணித் தேநீரை எடுத்துக்கொண்டு கூண்டருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த இடம் அவருடையதாகிவிட்டது.

கூண்டோடு ஒரு தாளும் வந்திருந்தது. காய்ந்த புல் எப்போதும் இருக்க வேண்டும். புல்லை அரைத்து அழுத்திய தீவனம் காலையும் மாலையும் ஒரு கரண்டி. பழம், உலர்திராட்சை, தேன், பிஸ்கட் கூடவே கூடாது. இந்தப் பிராணிகளின் உடம்பு சர்க்கரையைத் தாங்காது. கடைசி வரியில் 'காய்கறி கொஞ்சம்' என்று எழுதியிருந்தது. தாளைக் கூண்டின் மேல் ஒட்டி, அதன்படியே அவர் நடந்தார். அவற்றின் முன்பற்கள் ஆரஞ்சு நிறத்தில் இருப்பதைப் பார்த்து முதலில் திடுக்கிட்டார். அதுதான் ஆரோக்கியத்தின் நிறம் என்று அறிந்ததும் அவருக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. தம்மிடமிருந்த சாயங்களைக் குழைத்து அந்த ஆரஞ்சிலேயே ஒரு துண்டு வார்த்து, பதினேழாவது நிறமாக அட்டையில் சேர்த்துக்கொண்டார்.

இரண்டு ஆண்டுகள் நன்றாகவே கழிந்தன. பிறகு ஒரு காலை, கம்பியைக் கடித்துக்கொண்டிருந்த முன்பல்லின் பற்களைக் கண்டு அவர் கை நின்றது. அட்டையை எடுத்துப் பக்கத்தில் பிடித்தார். நிறம் இரண்டு படி வெளுத்திருந்தது. தண்ணீர்ப் புட்டியும் வழக்கத்தைவிட விரைவில் காலியாவது அப்போதுதான் அவர் மனத்தில் பட்டது.

கால்நடை மருத்துவர் இளம்பெண். சிறுநீரைச் சோதித்தார், கண்ணில் சிறு விளக்கை அடித்துப் பார்த்தார்.

"சிறுநீர்ல சர்க்கரை போகுது சார். இடது கண்ணுல புரை ஆரம்பிச்சிருக்கு. எங்கேயோ இனிப்பு உள்ளே போகுது. அதை நிறுத்தினா கண்ணு இத்தோட நிக்கலாம். நிறுத்தலைன்னா ஒரு மாசத்துல ரெண்டு கண்ணும் போயிடும், அப்புறம் ஆளே தேற மாட்டான்."

"நான் இனிப்பே கொடுக்கறதில்லை, டாக்டர்."

"வீட்டுல வேற யாரு இருக்காங்க?"

அந்தக் கேள்விக்கு அவர் வீட்டுக்கு வந்து பதில் தேடினார். மணி நான்கு. அக்கா கூண்டருகில் அமர்ந்திருந்தார். மடியில் பிஸ்கட் தட்டு.

"அக்கா, உண்மையைச் சொல்லு. இவனுக்குப் பிஸ்கட் போடறியா?"

"எனக்கே ரெண்டுதான் எடுத்துக்கறேன். இவனுக்கு எங்கேருந்து போடறது?"

"தூளாவது விழுந்திருக்கும்."

"தூளா?" அக்கா தட்டைக் கீழே வைத்தார். "முப்பது வருஷம் ஊரார் பேசினதெல்லாம் காதுல விழுந்தும் ஒரு வார்த்தை வெளியே சிந்தினதில்லை நான். என் மடியிலேருந்து பிஸ்கட் சிந்துதுன்னு நீ சொல்றியா?"

"கண்ணு போயிடும்னு சொல்றாங்க அக்கா."

அக்கா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனார். மறுநாளும் தேநீர் பால்கனியில்தான். நான்கு மணியானால் முன்பல் கம்பியில் இரு கைகளையும் வைத்து நின்று, யாரும் வராததைக் கண்டு கீச்சிட்டுக்கொண்டிருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தினமும் வேலை முடிந்ததும், செதுக்கு கத்தியைத் துடைத்து வைக்குமுன், அவர் ஒரு கேரட்டை எடுப்பார். 'காய்கறி கொஞ்சம்' என்ற வரிக்கு அவர் கண்ட வழி அது. இளமையில் பயிற்சிக்காக மெழுகில் செதுக்கியதைப் போல, இயல்பைவிடப் பெரிதாக ஒரு கடைவாய்ப்பல் செதுக்குவார்: நான்கு மேடு, நடுவே பள்ளம், கீழே இரண்டு வேர். மேட்டின் உயரம் சரியில்லையென்றால் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று. ஆளுக்கு ஒன்று. வாடிக்கையாளருக்குச் செய்யும் பல்லில் ஒருவேளை அவசரம் இருக்கலாம். இதில் இருந்ததே இல்லை. முன்பல் அதை இரு கைகளாலும் ஏந்திக் கொறிப்பதைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நிற்பார்.

பற்கள் வெளுத்ததும் அவருடைய நிற அறிவு ஒரு முடிவுக்கு வந்தது. ஆரஞ்சு குறைகிறது, கேரட்டில் ஆரஞ்சு இருக்கிறது. ஆகவே காலையிலும் ஒரு கடைவாய்ப்பல் செதுக்கத் தொடங்கினார்.

பத்து நாள் ஆயிற்று. அக்கா கூண்டுப் பக்கமே வரவில்லை. தண்ணீர்ப் புட்டியோ இப்போது நண்பகலிலேயே காலியாயிற்று. மருத்துவரிடம் மறுபடி ஓடினார். "ஒரு நாள் முழுக்க இவனுக்குப் போடறது எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க, தண்ணி உட்பட" என்றார் மருத்துவர். மறுநாள் அவர் எல்லாவற்றையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு போய் மேசையில் வரிசையாக வைத்தார்.

மருத்துவர் நான்காவது பொட்டலத்தைப் பிரித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது என்ன சார்?"

"கீழ்த்தாடை இரண்டாவது கடைவாய்ப்பல். இடப்பக்கம்."

"அது தெரியுது. எதுல செஞ்சது?"

"கேரட். காய்கறிதானே?"

மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதைத் தராசில் வைத்தார். "நாலு கிராம். ஒரு நாளைக்கு எத்தனை?"

"இப்போ ரெண்டு. ஆனா கடைவாய் தன் பங்கைச் சரியா சாப்பிடறதில்லை. இவன் பிடுங்கிக்கறான்."

"அப்போ இவனுக்கு மூணு, நாலு போகுது. ரெண்டுன்னே வெச்சுக்குங்க, எட்டு கிராம். இவன் எடை இருநூறு. உங்க எடைக்கு அது கிட்டத்தட்ட மூணு கிலோ கேரட். தினமும்." அவர் குரல் தணிந்தது. "இதுல இருக்கற சர்க்கரை நமக்கு ஒண்ணுமில்லை சார். இவனுக்குத் தாங்காது. பல்லு நிறம் கேரட்டுலேருந்து வர்றதும் இல்லை."

மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் கண்டுபிடித்துவிடும் மனிதர், 'கொஞ்சம்' என்றால் எவ்வளவு என்று ஒருவரையும் கேட்டதில்லை. தாம் செதுக்கியதை ஒருநாளும் நிறுத்துப் பார்த்ததும் இல்லை.

வீடு திரும்பியதும் நேரே பால்கனிக்குப் போனார்.

"அக்கா, நான்தான்."

"நீதான்னு தெரியுது. வேற யாரு வரப் போறாங்க?"

"அதில்லை. இனிப்புப் போட்டது நான்தான். அந்தக் கேரட்டு."

அக்கா தேநீரை வாயருகில் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். "அந்தப் பல்லா?"

"அந்தப் பல்லுதான்."

"பத்து நாள் இந்த வெயில்ல வடகம் மாதிரி காஞ்சேன்டா."

"தப்பு என்னுதுதான், அக்கா." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆசையாத்தான் செஞ்சேன். பாதிக் கண்ணைப் பிடுங்கிட்டேன்."

தம்பி அழுது அக்கா பார்த்து நாற்பது ஆண்டுகள் இருக்கும். கேலிக்காகத் திறந்த வாயை மூடிக்கொண்டு, நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"எனக்கு மட்டும் தெரிஞ்சுதா? கூண்டுல மிஞ்சின ரெண்டு பல்லை, அழகா இருக்கேன்னு என் மாத்திரை டப்பாவுல எடுத்து வெச்சிருக்கேன். சுருங்கிக் கிசுமிசு மாதிரி ஆயிடுச்சு. எழுந்திரு. இனிமே என்ன கொடுக்கலாம்னு கேட்டியா, இல்லை அழறதுக்கு அவசரமா ஓடி வந்துட்டியா?"

கேட்டுத்தான் வந்திருந்தார். காய்ந்த புதினா இலை ஒன்று, அல்லது இரண்டு கொத்தமல்லித் தண்டு, அவ்வளவுதான். மற்றதெல்லாம் புல்.

அடுத்த வாரம் அவருக்குத்தான் கடினமாக இருந்தது. மாலை வேலை முடிந்ததும் முன்பல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, தொண்டைக்குள் கெஞ்சும். அவர் கை தானாகக் கத்தியைத் தேடும். "அவனை விட்டுட்டு உன்னைக் கூண்டுல போட்டுப் பூட்டணும்" என்று அக்கா கேரட்டுகளையெல்லாம் பறிமுதல் செய்து குழம்பில் போட்டார். நான்காம் நாள் முன்பல் புல் குவியலுக்குள் தலையை விட்டு, நீளமான புல்தண்டு ஒன்றை உருவி எடுத்து, புல்லாங்குழல் வாசிப்பவனைப் போலக் குறுக்கே பிடித்து மெல்லத் தொடங்கியது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்.

ஐந்தாம் வாரம் சிறுநீரில் சர்க்கரை இல்லை. வலது கண் தெளிவு. இடது கண்ணில் மட்டும் பால் துளி போல ஒரு வெண்மை தங்கிவிட்டது. அது இனி வளராது, கரையவும் கரையாது என்றார் மருத்துவர்.

நான்கு மணிக்கு இப்போது கூண்டருகில் இரண்டு நாற்காலிகள். சில நாள் நினைவில்லாமல் அவர் புதினா இலையை அதன் மங்கிய கண் இருக்கும் இடப்பக்கம் நீட்டிவிடுவார். முன்பல் மூக்கை ஆட்டிக்கொண்டு வெறும் காற்றில் தேடும்.

"இந்தப் பக்கம்டா, இந்தப் பக்கம்" என்று அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்து வலப்பக்கம் நகர்த்துவார். இலையைக் கண்டதும் அது இரு கைகளையும் நீட்டி வாங்கிக்கொள்ளும்.