இரண்டாவது டிக்கெட்

இலங்கைக்குத் தாங்களாகவே திரும்ப விரும்பும் அகதி முகாம்காரர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது என் வேலை. ஒருநாள் ஒரு பெரியவர் தனக்கும் மனைவிக்குமாக இரண்டு படிவங்களை நீட்டினார். மனைவி ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார்.

"அவளுக்கும் சம்மதம்தான், எழுதுங்கோ தம்பி."

வீட்டுக்காரர் சொன்னால் போதாதா? 'சொந்த விருப்பம்' என்ற கட்டத்தில் நானே டிக் அடித்தேன்.

விமான டிக்கெட்டுகள் வந்ததும் முகாமுக்குக் கொண்டுபோனேன். அவர் இல்லை. மனைவிதான் வாசலில் நின்றார்.

"ஊருக்குப் போறிய, சந்தோசந்தானக்கா?"

"அவர்தானே போறார்? களக்காட்டில மகளுக்கு நிறைமாசம். நான் எங்க போறது?"

இரண்டாவது டிக்கெட்டில் தன் பெயரைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அவர் காட்டின இடத்தில கையெழுத்துப் போட்டனான். என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லையே, தம்பி!"

அந்த டிக்கெட்டை அன்றைக்கே திருப்பி அனுப்பினேன்.

பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கு வந்ததும் நேரே அடுப்படிக்குப் போனேன். என் மனைவியிடம் கேட்டேன்.

"வள்ளியூரை விட்டு இங்கன குடிவரும்போது, உனக்குச் சம்மதமான்னு நான் கேட்டேனா?"

அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் சொன்னாள்.

"இப்பந்தான் கேக்கிய."